பொட்டலில் இனி எந்தப் பக்கம் பார்த்துப் பறப்பது? பைலட் லைனை மாற்றுவது பற்றி

#1 பனங்காட்டு_பைலட்

வணக்கம் நண்பர்களே. நம் ரேடியோ கன்ட்ரோல் மாடல் பிளேன் கிளப்பின் பைலட் லைனை, அதாவது ரேடியோவைப் பிடித்து நாம் நின்று பறக்க வைக்கிற கோட்டை, மாற்றுவது பற்றி வேப்பமரத்தடியில் பலமுறை பேசிவிட்டோம், ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது. அக்டோபர் 15, கலாம் ஐயா பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் முடிவெடுத்தாக வேண்டும்.

இப்போது நாம் பொட்டலின் வடக்கு ஓரத்தில் நின்று, தெற்கே கடலைப் பார்த்துப் பறக்கிறோம். பார்வைக்கு அழகு. விழுந்தாலும் மணலில் விழும், பிளேனுக்குச் சேதம் குறைவு. ஆனால் அந்த மணலில் ஆட்கள் இருக்கிறார்கள். கச்சான், அதாவது மேற்கு, தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிப்பாக இருக்கும், கரையில் நடமாட்டம் குறைவு, அதனால் நமக்கு இது உறைக்கவில்லை. ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் பாக் நீரிணைப் பக்கம் கடல் முரடாகி, நம் தெற்குக் கடல் அடங்கிவிடும். அப்புறம் விடிந்ததிலிருந்தே நாட்டுப்படகுகள் கரையேறும். வலையிலிருந்து மீன் கழிக்கிறவர்கள், கருவாடு காயப்போடுகிற பெண்கள், ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் வருகிற வியாபாரிகள் என்று கரை நிறைந்திருக்கும். நம் பிளேன்கள் சுற்றி வருவது அவர்கள் தலைக்கு மேலேதான்.

ஒரே ஒரு கணக்கு. இரண்டு கிலோ பிளேன் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 625 ஜூல். ஐந்து கிலோ கல்லை நாற்பது அடி உயரத்திலிருந்து போட்டால் கிட்டத்தட்ட அதே அடி. முன்னால் ஒரு ப்ராப் (ப்ரொப்பெல்லர்) சுற்றிக்கொண்டிருப்பதை இதில் சேர்க்கவில்லை.

நான் சொல்வது இது. பைலட்கள் தெற்கு ஓரத்துக்குப் போவோம். கடலுக்கு முதுகைக் காட்டி, வடக்கே பார்த்துப் பறப்போம். வடக்கே சீமைக் கருவேலங்காடு, அதற்கும் அப்பால் வெகுதூரத்தில்தான் சாலை. நடுவில் வீடு கிடையாது, வேலை செய்கிற ஆளும் கிடையாது. வேடிக்கை பார்க்கிறவர்கள் நமக்குப் பின்னால், பனைவரிசைப் பக்கம். கார்கள் இப்போது நிற்கிற இடத்தில் நிற்க முடியாது. மேற்கு ஓரமாக ஒரு நடைபாதை விட்டு, சாமான்களைச் சுமந்துகொண்டு சுற்றி வர வேண்டியிருக்கும். அது சிரமம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

#2 கச்சான்காரன்

அண்ணே, நோக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் முள்ளுக்காட்டுக்கு மேலே பறக்கச் சொன்னால் பாதிப்பேர் வருவதையே நிறுத்திவிடுவார்கள். கருவேலத்துக்குள் விழுந்த பிளேனை வெளியே இழுப்பதற்குள் மிச்சமிருக்கும் இறக்கையும் கிழிந்துவிடும். தேடப் போகிறவன் காலில் முள் ஏறும், பாம்புப் பயம் வேறு. மணலில் விழுந்த ஃபோம் பிளேன் என்றால் ஒட்டி அடுத்த வாரமே பறக்கலாம். பால்சா என்கிற லேசான மரத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இப்போது எல்லாரிடமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருக்கிறது. ரிசீவரில் கைரோ இருக்கிறது, சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஃபெயில்சேஃப் இருக்கிறது. ஒருவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ததும் அதே சேனலில் இருக்கிற இன்னொருவர் பிளேன் விழுகிற காலம் போய்விட்டது. கரையில் ஆள் இருக்கிற அன்று கொஞ்சம் உள்ளே தள்ளிப் பறந்தால் போதாதா?

#3 பனங்காட்டு_பைலட்

தம்பி, கொஞ்சம் உள்ளே தள்ளி என்பதைக் காற்றிடம் சொல்ல முடியாது. டர்ன் எடுக்கும்போது முதுகில் காற்று வாங்கினால் பிளேன் நாம் நினைத்ததைவிட ஐம்பது அறுபது மீட்டர் தள்ளித்தான் திரும்பும். நாம் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறதுதானே.

கைரோ நல்ல சாதனம். குலுங்குகிற காற்றில் இறக்கையைச் சமமாக வைத்துக்கொள்ளும். ஆனால் இறக்கை, வால் பலகைகளை அசைக்கிற சின்ன மோட்டாரான சர்வோவின் கியர் பல் உடைந்தால் கைரோ என்ன செய்யும்? நம் ஊரில் ரேடியோவைவிட எனக்கு உப்புதான் பயம். போன மாதம் ஒரு உறுப்பினருடைய பிளேனைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே பளபளவென்று இருந்தது. வாலில் ஏற்ற இறக்கத்துக்கான எலிவேட்டருக்குப் போகிற கம்பியின் நுனியில், கிளெவிஸ் கொக்கி மாட்டுகிற மரைப் பகுதியில் துரு பொரிந்து நிற்கிறது. விரலால் வளைத்ததும் ஒடிந்துவிட்டது. பேட்டரி கனெக்டரின் உள்ளே பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு. ரிசீவரில் சொருகியிருந்த சர்வோ பிளக்கை எடுத்தால் மூன்று பின்னில் ஒன்று கறுத்திருக்கிறது. அந்தப் பிளேன் அன்று காலை ரேஞ்ச் செக்கில், அதாவது ரேடியோ எட்டுகிற தூரத்தைப் பார்க்கிற சோதனையில், பாஸான பிளேன்.

ஃபெயில்சேஃப் மோட்டாரை நிறுத்தும், அவ்வளவுதான். நின்ற பிறகு அது விழுகிற இடம், அந்த நொடியில் அது எங்கே பறந்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் திசையை முதலில் பேசுவோம் என்கிறேன். நல்ல பைலட், நல்ல ரேடியோ எல்லாம் விழும் வாய்ப்பைக் குறைக்கும். விழுந்தால் யார்மேல் என்பதைக் குறைப்பது பறக்கிற இடம் ஒன்றுதான்.

முள் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. காட்டுக்குள் இரண்டு மூன்று தடம் வெட்டிவிடலாம். தேடப் போவது இரண்டு பேராக, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, கையில் கம்போடு. தொலைந்த மாடலைக் கண்டுபிடிக்கிற சின்ன பஸர் சில நூறு ரூபாய்தான், எல்லாரும் மாட்டிக்கொள்ளலாம்.

#4 உப்பளத்து_கிளைடர்

இருவரும் சொல்வதோடு காற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் கிளைடர்காரன், எனக்கு மோட்டாரே பாதி நேரம் கிடையாது, அதனால் எப்போதும் இந்தக் கேள்வியோடுதான் பறக்கிறேன்: இந்த நொடியில் பிளேன் செத்தால் காற்று அதை எங்கே கொண்டுபோகும்?

விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு லேசாகக் காற்று வீசும். அப்போது செத்த பிளேன் கரைக்கும் கடலுக்கும் போகும். முற்பகலில் தரை சூடேறியதும் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும், அப்போது போக்கு வடக்கே. ஆனி, ஆடியில் கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் கிழக்கே, கண்மாய்ப் பக்கம் தள்ளும். அங்கே ஆடு மேய்கிறது, ஆட்டோடு ஆளும் இருக்கிறார். ஆக ஒரே திசை எல்லா நேரத்துக்கும் பத்திரம் என்று இல்லை. ஆனாலும் வருஷம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் வடக்குதான் நாலு திசையிலும் ஆளில்லாத திசை. நான் பனங்காட்டு அண்ணன் பக்கம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. பைலட் லைன் பனைவரிசையை ஒட்டிப் போனால், தெற்கிலிருந்து காற்று வரும்போது மரத்துக்குப் பின்னால் காற்று சுருண்டு புரளும். மர உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அந்தப் புரளல் இருக்கலாம். அறுபது அடிப் பனை என்றால் அறுநூறு அடி. நம் ரன்வே முழுக்க அதற்குள்தான் வருகிறது. இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க எடுத்துவிட்டு மிதக்க விடுகிற பழக்கம் இருப்பவர்கள் அதை விட வேண்டும். கொஞ்சம் பவர் வைத்துக்கொண்டே, தரை தொடுகிற வரை வேகத்தோடு வாருங்கள். கடைசிப் பத்தடியில் பிளேன் திடீரென்று அமுங்கும்.

சூரியனுக்கும் இது நல்லது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் அடிக்கும், கடல் மினுமினுப்பில் பிளேன் கறுப்புப் புள்ளியாகி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாமல் போகும். வடக்கே பார்த்தால் வெயில் முதுகில். கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் போலரைஸ்டு வாங்காதீர்கள், சில ரேடியோக்களின் திரை அதில் இருட்டாகிவிடும்.

#5 புது_இறக்கை

வணக்கம். நான் புதிது. கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங்கில் ஏரோமாடலிங் பார்த்து ஆசை வந்து, நான்கு சேனல் ஃபோம் டிரெயினர் (பழகுவதற்கான பிளேன்) ஒன்று வாங்கியிருக்கிறேன். எடை ஒரு கிலோவுக்குள்தான். வீடு மண்டபத்தில், பின்வாசலைத் திறந்தால் கடற்கரை. காலை நேரத்தில் அங்கே ஆளே இருக்காது. கிளப்புக்கு வருகிற வரை அங்கே பழகிக்கொள்ளலாமா?

#6 வரைபடம்_முதலில்

தம்பி, வேண்டாம். பேட்டரியைக்கூடச் சொருகாதே.

உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம், ஐ.என்.எஸ். பருந்து. 2009இல் அந்தப் பெயரில் சேவைக்கு வந்தது. அங்கிருந்து டோர்னியர் விமானம், ஹெலிகாப்டர், ஆளில்லா விமானம் எல்லாம் கரையோரமாகவே, சில நேரம் நன்றாகத் தாழ்ந்து பறக்கும். உங்கள் ஊரிலேயே கடலோரக் காவல் படை நிலையம் இருக்கிறது. இலங்கைக் கடல் எல்லை கூப்பிடு தூரம். இந்தக் கரையில் வானத்தில் எது பறந்தாலும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும்.

ட்ரோன் விதிகள் 2021 நம் பிளேன்களுக்கும் பொருந்தும். இதை இன்னும் சிலர் நம்ப மறுக்கிறார்கள். நாலு ப்ராப் வைத்ததுதான் ட்ரோன் என்று விதியில் இல்லை. 25 கிலோவுக்கு உட்பட்டது, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி, சோதனை போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுவது, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறப்பது என்றால் அது மாடல் வகை. இந்த வகைக்கு டைப் சர்டிபிகேட் வேண்டாம். 2 கிலோ வரை உள்ளதை வணிக நோக்கமில்லாமல் பறக்க ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டாம். ஆனால் எங்கே பறக்கலாம் என்ற விதியிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது.

டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. இயங்குகிற விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் பச்சை என்பது 200 அடி, 60 மீட்டர்தான். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் முடியாது. இந்த நிறங்கள் நிரந்தரமும் இல்லை. நம் பொட்டல் இன்றைக்குப் பச்சையில் இருப்பதால் அடுத்த ஞாயிறும் பச்சை என்று நினைக்காமல், கிளம்பும் முன் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். தலைவர்கள் வருகை, பெரிய குருபூஜை, திருவிழா சமயங்களில் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் ட்ரோனுக்குத் தடை போடுவார்கள். அந்த நாட்களில் பிளேனை வீட்டிலேயே வையுங்கள்.

அப்புறம் தீவுகள். மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு மேலே கேமரா கட்டிப் பறந்து படம் எடுக்கலாமா என்று இங்கே ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்தார். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. தனுஷ்கோடியில் பூநாரைகள் இறங்கும் நீர்ப்பரப்பும் 2025இல் சரணாலயமாகிவிட்டது. ஒரு பிளேன் சத்தத்துக்கு முழுக் கூட்டமும் எழும்பும். வெகுதூரம் பறந்து வந்து இரை எடுத்துக்கொண்டிருக்கிற பறவையை விரட்டுவது பாவம்.

#7 புது_இறக்கை

நன்றி அண்ணா. பேட்டரியைச் சொருகவில்லை. ஞாயிறு பொட்டலுக்கு வருகிறேன். யாராவது பட்டி பாக்ஸில், உங்கள் ரேடியோவோடு என் ரேடியோவை இணைத்து, கற்றுத் தருவீர்களா?

#8 உப்பளத்து_கிளைடர்

வா தம்பி. உன் ரேடியோ எந்த மாடல் என்று மட்டும் எழுதிவிடு, கேபிளா வயர்லெஸ்ஸா என்று பார்த்துக்கொள்கிறேன். அதுவரை வீட்டில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போடு. பிளேன் நம்மை நோக்கி வரும்போது இடது வலது தலைகீழாகத் தெரியும், அது கைக்குப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

#9 கச்சான்காரன்

வரைபடம் அண்ணன் எழுதியதில் எனக்கு ஒரு சந்தேகம். ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்? ஒருமுறை வந்தது, மேலே மூன்று பிளேன்கள் இருந்தன, ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

#10 வரைபடம்_முதலில்

சத்தம் கேட்ட உடனே எல்லாரும் கீழே. பார்த்துவிட்டு இல்லை, கேட்ட உடனே. நம் பிளேன் எத்தனை அழகாகப் பறந்தாலும் அதில் மனிதர்கள் இல்லை, ஹெலிகாப்டரில் இருக்கிறார்கள். ஹெலிகாப்டர் எந்தத் திசையில் போகிறது என்று நாம் கணிக்க முயலவே கூடாது. மரத்தின் உயரத்துக்கு இறக்கி, முடிந்தால் தரையிறக்கிவிட வேண்டும். பைலட் தன் பிளேனிலிருந்து கண்ணை எடுக்க முடியாது என்பதால், இதைச் சொல்வது பக்கத்தில் நின்று சுற்றிலும் கவனிக்கிற ஸ்பாட்டரின் வேலை. ஸ்பாட்டர் இல்லாமல் பறக்கிறவர்கள் இனி பறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

#11 பால்சா_மாமா

எல்லாரும் வானத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான காயம் தரையில்தான், பிளேனைத் தயார் செய்கிற பிட் ஏரியாவில்தான்.

எலெக்ட்ரிக் வந்த பிறகு ஆட்களுக்குப் பயம் போய்விட்டது. பெட்ரோல் எஞ்சின் தடுமாறினால் நின்றுவிடும். எலெக்ட்ரிக் மோட்டாரின் ப்ராப்பை எது தடுத்தாலும், விரல் தடுத்தாலும், அது விடாமல் இன்னும் முறுக்கும். பேட்டரி சொருகிவிட்டால் அந்தப் பிளேன் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொருகுவது பைலட் லைனில்தான், பிட்டில் கூடாது. டிரான்ஸ்மிட்டர் முதலில் ஆன், மோட்டார் ஓடாமல் தடுக்கிற த்ராட்டில் கட் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை, திரையில் இருப்பது இந்தப் பிளேனின் பெயர்தானா என்று இன்னொரு பார்வை, பிறகு பேட்டரி. பின்னால் ஒருவர் பிளேனைப் பிடித்திருக்க வேண்டும். ப்ராப்புக்கு முன்னாலும் சரி, அது சுற்றுகிற வட்டத்துக்கு நேர் பக்கவாட்டிலும் சரி, யாரும் நிற்கக் கூடாது. ப்ராப்பின் இலை உடைந்து தெறித்தால் பக்கவாட்டில்தான் பறக்கும். வீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் செட்டிங் மாற்றுகிறவர்கள் ப்ராப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ப்ராப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஏ.பி.சி. ஸ்லோ ஃப்ளையர் ப்ராப் மலிவு, நல்ல இழுவை என்று வேகமான மோட்டாரில் மாட்டுகிறார்கள். தயாரித்தவர்களே அதற்கு உச்ச வரம்பு கொடுத்திருக்கிறார்கள். 65,000ஐ ப்ராப்பின் அங்குல அளவால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். பத்து அங்குலம் என்றால் 6,500தான். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் வேகமான மோட்டார் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதே கம்பெனியின் தின் எலெக்ட்ரிக் வகைக்கு வரம்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இலையில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். நகத்தால் விளிம்பை வருடிப் பாருங்கள், ஒரு சின்ன வெட்டு தட்டுப்பட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். உடைக்காமல் பெட்டியில் வைத்தால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

பறக்கும் முன் பார்க்கிறதில் ஒன்றே ஒன்றுதான் வலியுறுத்துவேன். பிளேனுக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலதுபக்கம் தள்ளினால் வலது ஏலரான், அதாவது வலது இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற பலகை, மேலே எழ வேண்டும். அசைகிறதா என்று பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதில்லை. சர்வோ மாற்றிய அன்றும் புதுப் பிளேனின் மெய்டன் (முதல் பறப்பு) அன்றும் இதைப் பக்கத்தில் நிற்கிறவரும் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ரேஞ்ச் செக்கும் அப்படியே. ரேடியோவை ரேஞ்ச் செக் மோடில் வைத்து முப்பது தப்படி நடந்துபோய், பிளேனை ஒருவர் பிடித்திருக்க, மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் எல்லா அசைவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்வது சோதனையே இல்லை.

#12 அவசரப்பிரிவு_அக்கா

நான் பறப்பதில்லை, என் வீட்டுக்காரர்தான் உங்கள் உறுப்பினர். மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பதால் ப்ராப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது.

ப்ராப் வெட்டினால் காபித்தூள், மஞ்சள்தூள், மணல் எதையும் வைக்காதீர்கள். இன்னமும் வைத்துக்கொண்டு வருகிறார்கள், அதைக் கழுவி எடுப்பதற்குள் நேரம் போகிறது. சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். மோதிரம் போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. கரையில் மீன் வியாபாரிகளிடம் ஐஸ் கிடைக்கும்.

லிப்போ புகையை முகர்ந்து பார்க்காதீர்கள், அதில் ஃப்ளோரைடு கலந்த நச்சு வாயு வரும். காற்று வருகிற பக்கமாக விலகி நில்லுங்கள். கசிந்தது கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டுப் பிறகு மருத்துவமனை. கடல் தண்ணீர் வேண்டாம்.

உங்கள் பொட்டலிலிருந்து 108க்குப் பேசினால் வழி சொல்லவே நேரமாகும். பிரதான சாலையிலிருந்து எந்தத் திருப்பம், அங்கே என்ன அடையாளம் என்று நாலு வரி எழுதி, வேப்பமரத்தில் ஒரு பலகையாக மாட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் சொல்ல வராது.

#13 பனங்காட்டு_பைலட்

அக்கா, பலகை இந்த வாரமே மாட்டிவிடுகிறோம். முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள்.

லிப்போ பேச்சு வந்ததால்: வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரிப் பெட்டியை விட்டுவிட்டு வருவதை இன்றோடு நிறுத்துவோம். நம் ஊர் சித்திரை வெயிலில் கார் உள்ளே தொடமுடியாத சூடு. பறந்து முடிந்ததைத் தனியே, உப்பினதை அதைவிடத் தள்ளி, நிழலில், தகரப் பெட்டியில். வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட், முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மணல் வாளி அவசியம், ஆனால் மணல் லிப்போ தீயை அணைத்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள், பரவாமல் தடுக்கும், அவ்வளவே. கோடையில் காய்ந்த புல்லும் கருவேலச் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கின்றன. அடிபட்ட பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும் அரை மணி நேரம் தள்ளி வைத்துக் கவனியுங்கள். கடலில் விழுந்து எடுத்த பேட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

கடலில் விழுந்தது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பிளேனுக்காக யாரும் நீந்திப் போகக் கூடாது. அலை அடங்கித் தெரிந்தாலும் உள்ளே நீரோட்டம் இழுக்கும். கரையில் இருக்கிறவர்களிடம் சொன்னால், படகு போகிற வாக்கில் எடுத்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் போகட்டும்.

#14 புது_இறக்கை

ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பாட்டர் வேலையை என்னைப்போல் புதியவர்களுக்குத்தான் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். பறக்கிறவர் என் அப்பா வயதுக்காரர், கையில் பெரிய பால்சா பிளேன். ஆட்டுக்காரர் ரன்வே பக்கம் வருகிறார், நான் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் அவரிடம் என்ன சொல்வது? எப்படிச் சொல்வது?

#15 பால்சா_மாமா

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். நல்லவேளை கேட்டாய்.

நம் பக்கம் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஏவிப் பேச மாட்டோம். பிட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அது அழகு. பைலட் லைனில் அதனால் ஓர் ஆள் அடிபடக் கூடாது. "மாமா, அங்கே ஆடு வருகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீ இழுத்து முடிப்பதற்குள் பிளேன் நூறு மீட்டர் போயிருக்கும். அதனால் சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவோம். "ஆள்!" என்று கத்தினால் ரன்வேயில் மனிதர், எல்லாரும் உயரம் எடுத்து வடக்கே போக வேண்டும். "இறக்கு!" என்றால் காரணம் கேட்காமல் இறக்க வேண்டும். "டெட் ஸ்டிக்!" என்றால் மோட்டார் நின்ற பிளேனுக்குத்தான் ரன்வே, மற்றவர்கள் விலக வேண்டும். சொல்கிறவன் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும், கேட்கிறவர் கிளப்பை ஆரம்பித்தவராக இருந்தாலும் ஒன்றுதான். நீங்கள், நாங்கள், சார், மாமா எல்லாம் பிளேன் தரையைத் தொட்ட பிறகு.

தேவையில்லாமல் இறக்கச் சொல்லிவிட்டான் என்று யாரும் அந்தப் பையனைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை கடிந்தால் அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான். முதல் ஆளாக என் பிளேனையே இறக்கச் சொல்லிப் பழகு, தம்பி. நான் இறக்குகிறேன், எல்லாரும் பார்க்கட்டும்.

#16 உப்பளத்து_கிளைடர்

மாமா சொன்னதற்கு மேல் ஒன்று. ஆட்டுக்காரர் பொட்டலுக்குள் வந்தால் அவரை விரட்டுகிற பேச்சே கூடாது. அது அவர் தடம், நாம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே மேய்க்கிறார்கள். பிளேனை இறக்கிவிட்டு, அவர் கடந்து போகிற வரை காத்திருப்போம். எந்த நேரம் எந்தப் பக்கம் வருவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் நம் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். கரையில் இருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவது நல்லது. லைன் மாறிய பிறகும் பேச வேண்டும், அவர்கள் பிள்ளைகள் பின்பக்கமாக ஓடி வருவார்கள்.

பருந்துகளையும் மறக்க வேண்டாம். கருவாடு காய்கிற நாட்களில் செம்பருந்து நிறைய வட்டமிடும், சில நேரம் பிளேனைத் துரத்தும். பருந்து வந்தால் சண்டை போடாமல் உயரத்தைக் குறைத்து வெளியே வந்துவிடுங்கள்.

#17 கச்சான்காரன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். வடக்கே பார்த்தே பறப்போம். என் எதிர்ப்பு பிளேன் சேதத்தைப் பற்றியது, எதிர்ப்பக்கம் இருப்பது மனிதர்கள் என்னும்போது அந்த வாதத்தை நீட்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இரண்டு நிபந்தனை. முள்ளுக்காட்டுத் தடம் வெட்டுவது முதலில் நடக்க வேண்டும், அதுவரை பெரிய பால்சாவைப் பறக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. இரண்டாவது, கச்சான் மாதங்களில் காற்று இத்தனைக்கு மேல் போனால் டிரெயினர் பறக்கக் கூடாது என்று எழுதி வைப்போம். கைக்காற்றுமானியில் மணிக்கு 25 கி.மீ. என்பது என் யோசனை. அதற்கு மேல் போனால் லேசான ஃபோம் பிளேன் காற்றை எதிர்த்து நின்ற இடத்திலேயே நிற்கிறது, திரும்பினால் இரட்டை வேகத்தில் ஓடுகிறது. பாம்பன் பாலத்தில் காற்று வரம்பைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துகிறார்கள், நாமும் நிறுத்தலாம்.

#18 பனங்காட்டு_பைலட்

இரண்டு நிபந்தனையும் நியாயம், இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் என் யோசனை: அன்றைக்கு ஒரு நேரத்தில் ஒரே பிளேன் மேலே. ஃபோம் மட்டும், ஜெட் வேகப் பிளேன் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் கயிறு, கயிற்றுக்கு இரு முனையிலும் ஆசிரியர், நடுவில் நம் ஆள். பிளேன் பக்கத்தில் காட்டும்போது பேட்டரி கழற்றி, ப்ராப்பும் கழற்றி. பையன்களும் பெண்பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும், ஏலரானை அசைத்துப் பார்க்கட்டும். வாடை முன்கூட்டியே கிளம்பி மழை இருட்டினால் பறப்பதை விட்டுவிட்டு வகுப்பறையில் காட்டுவோம். அழைத்துவிட்டோமே என்று எப்படியாவது பறக்க வைக்கிற அழுத்தம் யாருக்கும் வரக் கூடாது, அதை ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

#19 வரைபடம்_முதலில்

நல்லது. அன்று காலை வரைபடம் பார்ப்பது, காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது இரண்டும் என் பொறுப்பு.

#20 அவசரப்பிரிவு_அக்கா

முதலுதவிச் சீட்டு கொடுத்தனுப்பிவிட்டேன். பிள்ளைகள் வருகிற அன்று எனக்கு இரவு டியூட்டி இல்லாவிட்டால் நானே வருகிறேன். குடிதண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் நிறைய வையுங்கள், அந்தப் பொட்டலில் நிழல் போதாது.

#21 பனங்காட்டு_பைலட்

ஞாயிறு ஆறு மணிக்கு முள்ளுக்காட்டில் தடம் வெட்டலாம். அரிவாள் என்னிடம் இரண்டு இருக்கிறது, கையுறையும் பூட்ஸும் அவரவர் கொண்டு வாருங்கள். கச்சான்காரன் தம்பி, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நீயே அடையாளம் போட்டுக் கொடு. அன்று பறப்பது எட்டு மணிக்கு மேல், காட்டுக்குள் ஆள் யாரும் இல்லை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான்.

#22 கச்சான்காரன்

ஐந்தரைக்கே வந்துவிடுகிறேன் அண்ணே. சுண்ணாம்பு மூட்டை ஒன்றும் எடுத்து வருகிறேன், அப்படியே புது பைலட் லைனையும் கோடு போட்டுவிடலாம்.